ஆறாம் பக்கத்துப் பூட்டு

"பூட்டிக் கெடக்குற வீட்டை யாராச்சும் போய்த் தட்டுவாங்களா சார்?" என்று பக்கத்து மேசை ரெஜினா கேட்டாள். குற்றம் கண்டுபிடிக்கும் எண்ணம் அவளுக்கு இல்லை. சித்திரக்கதையைத் தானே வரைந்து, தானே நகலெடுத்து, தானே மடித்து ஸ்டேப்ளர் பின் அடித்து விற்கிறவர்களுக்குள் இருக்கும் உரிமையில்தான் கேட்டாள். "பாருங்க, இந்தக் கட்டத்துல அந்தப் பொண்ணு டொக் டொக்னு தட்டுறா. அடுத்த கட்டத்துல கதவுல இம்மாம் பெரிய பூட்டு. அவளுக்குக் கண்ணு தெரியாதா?" அதை வரைந்த கொம்பையா சிரித்தான். அது உதட்டில் மட்டும் நடந்த சிரிப்பு. அவள் புத்தகத்தை மூடி அடுக்கின் மேலே வைத்துவிட்டு, "ஆனா அந்தக் கால் மட்டும் வர்ற கட்டம் பிரமாதம்" என்று தன் மேசைக்குத் திரும்பினாள். மதுரையில் ஒரு வாசகசாலையின் மாடிக்கூடம் அது. பத்து மேசைகள், பத்துச் சித்திரக்கதைக்காரர்கள், ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகால் மணி. இரண்டு நிமிடங்களுக்கு முன்னால்தான் அக்கா பேச்சியம்மாள் தொலைபேசியில் சொல்லியிருந்தாள்: "மாட்டுத்தாவணியில எறங்கிட்டேன்டா. டவுன் பஸ் பிடிச்சு வந்துர்றேன். எனக்கு ஒண்ணு எடுத்து வை, வித்துறாத." எப்படியும் முக்கால் மணி நேரம் ஆகும். முக்கால் மணி நேரத்தில் அவள் இந்தப் படிகளில் ஏறி வந்து, இந்த மேசைக்கு முன்னால் நின்று, ஆறாம் பக்கத்தைத் திறப்பாள். ரெஜினா கேட்ட அதே கேள்வியைக் கேட்பாள், அல்லது கேட்காமல் இருப்பாள். இரண்டில் எது கொடியது என்று அவனுக்குத் தெரியவில்லை.

கேள்வியின் கூர்மை அவனுக்குள் மெல்ல மெல்ல இறங்கியது. மூன்று மாதம் அந்தப் பதினாறு பக்கங்களோடு வாழ்ந்தவனுக்கு இந்தப் பிழை எப்படித் தெரியாமல் போயிற்று? பள்ளிச் சுவர்களில் செம்பருத்தியின் குறுக்குவெட்டும் இந்திய வரைபடமும் தீட்டிப் பிழைக்கிறவன் அவன். ஓர் இதழ் கூடினாலும் ஓர் ஆறு விலகினாலும் கண்ணில் உறுத்திவிடும். ஆனால் தட்டும் ஓசை அவனுக்கு வரைய வேண்டிய ஒன்றாகவே தோன்றவில்லை, அது ஏற்கெனவே இருந்தது, இருபத்துநான்கு ஆண்டுகளாகக் காதுக்குள் இருந்தது. முதலில் பெரிய எழுத்தில் டொக், பிறகு சற்றுச் சிறிய டொக், கடைசியில் எறும்பளவு டொக், மொத்தம் பதினொன்று. எண்ணி வரைந்திருந்தான். எண்ணியது அந்தப் பகலிலேயே, கதவுக்கு உட்புறம் நின்று. பூட்டு மட்டும்தான் புதிது. பூட்டைத்தான் யோசித்து, இரும்பில் வெளிச்சம் விழும் இடம் பார்த்து, சாவித்துளைக்கு மேல் துருப்புள்ளி வைத்து, மிகுந்த அக்கறையோடு வரைந்தான். பொய்யை வரையும்போதுதான் கை எவ்வளவு பணிவாக நடந்துகொள்கிறது, வாசகரே, இதைக் கவனித்திருக்கிறீர்களா? உண்மைக்கு இரண்டு கோடு போதும் என்று விட்டுவிடுகிறோம். பொய்க்கு நிழல், பளபளப்பு, துரு எல்லாம் கொடுக்கிறோம்.

புத்தகத்தின் பெயர் 'மூன்றேகால் பஸ்'. புகுந்த வீட்டில் அடி பொறுக்க முடியாமல் ஒருத்தி சித்திரை மாதத்து மத்தியானத்தில் பிறந்த வீட்டுக்கு வருகிறாள். வீடு பூட்டியிருக்கிறது. நிழலில்லாத நிறுத்தத்தில் காத்திருந்து மூன்றேகால் பஸ்ஸில் திரும்பிப் போகிறாள். இரண்டு ஆண்டுகள் கழித்து எவர் தயவும் இல்லாமல் தானே வெளியேறி, சிவகாசியில் நோட்டுப் புத்தகம் கட்டும் பட்டறையில் சேர்ந்து, தன் காலில் நிற்கிறாள். அக்காவின் கதை. "உன் கதைதான்க்கா" என்று அவனே பெருமையாகச் சொன்னான், போன வாரம், வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல். "என் கதையா? அதுல என்னடா இருக்கு? சரி, தபால்ல போட்டுக் கெடுக்காத, நானே வந்து வாங்கிக்கிறேன்."   பின்னட்டையில் அவனுடைய எல்லா இதழ்களிலும் வரும் வரி இதிலும் இருந்தது: 'இதில் வரைந்தவை யாவும் நடந்தவை.' ஏழு இதழ்களாக அந்த வரியை நம்பித்தான் ஆட்கள் வாங்கினார்கள். அந்த வரியை நம்பித்தான் அவனும் காலையில் கண்ணாடி பார்த்து முகம் மழித்தான்.

பூட்டு இல்லை. வீடு பூட்டியிருக்கவில்லை. அப்பாவும் அம்மாவும் அருப்புக்கோட்டையில் ஒரு சடங்கு வீட்டுக்குப் போயிருந்தார்கள். போகும்போது அப்பா சட்டைக்கையை மடித்துக்கொண்டே சொன்னார்: "அவ வந்தாலும் வருவா. தொறக்காத. தொறந்தா உள்ள வந்து உக்காந்துக்கிடுவா, அப்புறம் நம்மால அனுப்ப முடியாது. வீட்ல ஆளில்லாத மாதிரி இருந்துக்க." அம்மா பானையில் தண்ணீர் நிரப்பி வைத்துவிட்டுப் போனாள். கொம்பையாவுக்கு அப்போது வயது பதினைந்து. அந்த வாரம் கல்லில் இடித்து வலது கால் கட்டைவிரல் நகம் பெயர்ந்திருந்ததால் வெளியே விளையாடவும் போகவில்லை. அக்காவின் பழைய தாவணியில் கிழித்த துணியைச் சுற்றிக்கொண்டு, நாட்காட்டித் தாள்களின் பின்புறத்தில் யானை வரைந்துகொண்டிருந்தான். யானையின் துதிக்கை முடியும் இடத்தில் முதல் தட்டல் விழுந்தது. எழுந்து கதவருகே போனான். திறக்கத்தான் போனான் என்று பல ஆண்டுகள் தன்னிடம் சொல்லிக்கொண்டிருக்கிறான். தாழ்ப்பாளில் கை வைத்தான், அது உண்மை. வெளியே வெயிலில் காய்ந்த கதவோடு சேர்ந்து தாழ்ப்பாளும் சுட்டது, அதுவும் உண்மை. கதவின் அடிப்பலகை மழையில் உளுத்துப் போய் நான்கு விரல் உயரத்துக்கு இடைவெளி இருந்தது. அதன் வழியே அவளுடைய கால்கள் தெரிந்தன. ரப்பர் செருப்பு, புழுதி, ஒரு காலில் கொலுசு, மறு காலில் இல்லை. "அம்மா" என்றாள். பிறகு "அப்பா" என்றாள். பிறகு, இந்த இடத்தில் நினைவு ஒவ்வொரு முறையும் முள்ளில் மாட்டிய துணியைப் போல நின்றுவிடும், "கொம்பா" என்றாள். அதட்டாமல், கெஞ்சாமல், சாப்பிடக் கூப்பிடுவது போல. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். பதினொன்று எண்ணினான். கால்கள் திரும்பின. சிறிது நேரம் கழித்து அவன் போய் யானைக்கு வால் வரைந்தான். வால் வரைந்தது எப்படி என்பதுதான் இன்றுவரை அவனுக்கு விளங்காத செய்தி.

பத்து இருபத்தைந்து. கல்லூரி மாணவி ஒருத்தி வந்து புத்தகத்தைப் புரட்டினாள், பின்னட்டையை வாய்விட்டுப் படித்தாள். "எல்லாம் நடந்ததா சார்? நிஜமாவே?" "ம்" என்றான்.  "பாவம்ல, வீட்ல ஒருத்தரும் இல்லாமப் போயிட்டாங்க" என்றாள் அவள். "இருந்திருந்தா கண்டிப்பா தொறந்திருப்பாங்க." அவன் புத்தகத்தை அவளிடமிருந்து வாங்கி, மெதுவாக மூடி, "இதுல அச்சுப்பிழை ஒண்ணு இருக்கும்மா, திருத்தித் தர்றேன், அரைமணி கழிச்சு வாங்க" என்றான். அவள் போன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உணர்ந்தான். திருத்தித் தருகிறேன். நாற்பது பிரதிகளில் மூன்று ஏற்கெனவே போய்விட்டன, பூட்டோடு, படியிறங்கி, மதுரையின் ஏதோ மூன்று வீடுகளுக்கு. மீதி முப்பத்தேழு இங்கே இருக்கின்றன. அக்கா எங்கே வந்துகொண்டிருப்பாள்? கே.கே. நகர் வளைவைத் தாண்டியிருப்பாளா? ஜன்னலோரம் இடம் கிடைத்திருக்குமா? வெயில் எந்தப் பக்கம்? எல்லாவற்றையும் பைக்குள் அள்ளிப் போட்டுக்கொண்டு, விற்றுத் தீர்ந்துவிட்டது அக்கா என்று சொல்லலாம். அவள் நம்புவாள். அவள் எப்போதும் நம்புவாள். அந்த எண்ணமே அவனுக்கு அருவருப்பாக இருந்தது. அப்படியானால் அந்தத் தாளை மட்டும் உருவிவிடலாம். பின்னை நெம்பி எடுத்து, ஆறாம் பக்கம் உள்ள தாளைக் கழற்றிவிட்டுத் திரும்ப அடிக்கலாம். ஆனால் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும், நடுவில் மடித்துக் கோத்த புத்தகத்தில் எந்தப் பக்கமும் தனியாக இல்லை. ஒரு தாளில் நான்கு பக்கங்கள். முன்பாதியில் ஐந்தும் ஆறும் இருக்கும் தாளின் பின்பாதியில் பதினொன்றும் பன்னிரண்டும் இருக்கும். ஆறைப் பிடுங்கினால் பதினொன்றும் கூடவே வந்துவிடும்.

பதினொன்றாம் பக்கம் அவள் சிரிக்கும் பக்கம். புத்தகம் முழுவதிலும் அவள் சிரிப்பது அந்த ஒரே இடத்தில்தான். பட்டறையில் முதல் சம்பளம் வாங்கியவள், பன்னிரண்டு வண்ண ஸ்கெட்ச் பேனா அடங்கிய பெட்டி ஒன்றை வாங்கி, பஸ் ஏறி வந்து, தம்பி படித்த பள்ளிக்கூட வாசலில் நின்று, அவன் கையில் கொடுத்துவிட்டுச் சிரிக்கிறாள். வீட்டுக்கு வரவில்லை; வீட்டு வாசல் வரைகூட வரவில்லை. 'இனி யானைக்குக் கலர் குடுடா' என்று அவள் அன்று சொன்னதை அப்படியே அந்தக் கட்டத்தில் எழுதியிருந்தான். அந்தப் பேனாக்களில்தான் அவன் கை படம் வரையும் கையாயிற்று. அவனுடைய பொய்யும் அவளுடைய சிரிப்பும் ஒரே தாளின் இரண்டு கரைகளில் இருந்தன; ஒன்றை எடுத்தெறிந்தால் மற்றதும் போகும்படி அவனே மடித்திருந்தான். அப்போதுதான் ஓர் ஐயம் அவன் முதுகில் குளிர்ந்த விரலை வைத்தது. இனி யானைக்குக் கலர் குடு. யானையைப் பற்றி அவளுக்கு எப்படித் தெரியும்? இல்லை, அவன் சின்ன வயதிலிருந்தே யானைதான் வரைவான், வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அதில் என்ன இருக்கிறது. ஐயம் விலகியது. விலகிய இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. அதை அவன் முதலில் ஒரு வரைகலைச் சிக்கலாகத்தான் பார்த்தான். ஆறாம் பக்கத்தை அவன் வெளியிலிருந்து வரைந்திருக்கிறான். அந்தப் பகலில் அவன் கதவை வெளியிலிருந்து பார்க்கவேயில்லை. வெளியிலிருந்து பார்த்தவள் ஒருத்திதான். அவள் கண் முன்னால், முகத்துக்கு நேரே, கை எட்டும் தூரத்தில், நாதாங்கியில் பூட்டு இல்லை. பூட்டு இல்லாமல் ஒரு கதவு சாத்தியிருந்தால் உள்ளே தாழ்ப்பாள் போட்டவன் ஒருவன் இருக்கிறான் என்று அதற்குப் பொருள். இதைப் புரிந்துகொள்ள ஒரு நொடி போதும். அவள் பதினொரு முறை தட்டினாள்.

இருபத்துநான்கு ஆண்டுகள் கதவுக்கு உள்ளே நின்றே யோசித்துக்கொண்டிருந்தவன் அவன். தன் மூச்சு அவளுக்குக் கேட்டிருக்குமா என்று மட்டுமே அஞ்சிக்கொண்டிருந்தான். வெளியே ஒரு மனுஷி நிற்கிறாள், அவளுக்கும் கண் இருக்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. நம்மில் எத்தனை பேர் இப்படி வாழ்ந்து முடிக்கிறோம். நம் பாவம் நமக்குள்ளே பத்திரமாக இருக்கிறது என்று நம்பி, அதைப் பார்த்துக்கொண்டே நம்மோடு சோறு உண்கிறவர்களுக்கு முன்னால் நடித்துக்கொண்டு. கொம்பையா முன்பு, இந்த இதழ்களுக்கு வெளியே, பள்ளிக் குழந்தைகளுக்காகத் தனியாக ஒரு கதை வரைந்திருந்தான். ஓர் ஊரில் கண்ணாடி விற்பவன் ஒருவன். அவன் கன்னத்தில் ஒரு வடு. யாரும் அதைத் தனியாகப் பார்த்துவிடக் கூடாது என்று, விற்கும் ஒவ்வொரு கண்ணாடியிலும் அதே இடத்தில் ஒரு கறையை வைத்து விற்றான். ஊரே தன் கன்னத்தைத் துடைக்கத் தொடங்கியது. தாய்மார்கள் பிள்ளைகளின் கன்னத்தைத் தோல் சிவக்கத் தேய்த்தார்கள். ஒருநாள் அவனுடைய சொந்த மகள் கன்னத்தில் புண்ணோடு வந்து நின்றாள். அதற்குக் கீழே அவன் எழுதியிருந்தான்: 'பிள்ளைகளே, மறைப்பவன் தன்னை மட்டும் மறைப்பதில்லை.' நல்ல வாசகம். பள்ளிக்கூடங்களில் கைதட்டினார்கள். அறிவுரையைப் போல எளிதாக விலைபோவது எதுவும் இல்லை. வாங்கியவனும் பயன்படுத்துவதில்லை, விற்றவனும் பயன்படுத்துவதில்லை. இப்போது ஏதோ மூன்று வீடுகளில், ஏதோ மூன்று பேர், வீட்ல ஒருத்தரும் இல்லாமப் போயிட்டாங்களே என்று பரிதாபப்பட்டுக்கொண்டிருக்கிறார்கள். இல்லாத கறையைத் துடைக்கிறார்கள்.

பத்து முப்பத்தெட்டு. "ரெஜினா, ஒயிட்னர் வச்சிருக்கியாம்மா?" "வச்சிருக்கேன் சார். பூட்டையா அழிக்கப் போறீங்க? நான் சும்மா சொன்னேன், விடுங்க, யாரும் கவனிக்க மாட்டாங்க." "நீ கவனிச்சியே." "நான் வேலை இல்லாதவ." அவன் புத்தகங்களைத் திறந்து பரப்பினான். பூட்டின் மேல் ஒரு பூச்சு, காய்வதற்குள் அடுத்தது, மூன்றாவதை எடுக்கும்போது முதலாவது காய்ந்திருக்கும், காய்ந்த வெள்ளையின் மேல் கறுப்புப் பேனாவால் கதவுப் பலகையின் கோடுகளைத் தொடர்ந்து இழுக்க வேண்டும். கை வேலை செய்தது, மனம் பஸ்ஸோடு வந்தது. தல்லாகுளம் தாண்டியிருப்பாள். ஒவ்வொரு பொங்கலுக்கும் வந்தாளே, தெரிந்துகொண்டா வந்தாள்? அவனுடைய திருமணத்தில் மணவறைக்குப் பக்கத்தில் நின்று சிரித்தாளே, தெரிந்துகொண்டா? அப்பா படுக்கையில் கிடந்தபோது வந்து மூன்று மாதம் மலம் அள்ளினாளே. தெரிந்துகொண்டு செய்தாள் என்றால் அந்த அன்பு எவ்வளவு பெரிது என்று ஒரு குரல் சொன்னது. தெரிந்துகொண்டு செய்தாள் என்றால் அவள் அருகே ஒவ்வொரு முறையும் நீ எவ்வளவு சிறியவனாக உட்கார்ந்திருந்தாய் என்று இன்னொரு குரல் சொன்னது. ஒருவேளை மறந்திருப்பாள். மறந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டான். வேண்டிக்கொண்ட உடனே, அவள் வாழ்க்கையில் ஒரு பகலையே திருடப் பார்க்கிறேன் என்று வெட்கினான். பன்னிரண்டு பிரதிகள் முடிந்தன. இருபது. வெள்ளைத் திரவத்தின் நெடி தலையில் ஏறியது. படியில் காலடி கேட்கும்போதெல்லாம் பேனா நின்றது. யாரோ, வேறு யாரோ. இருபத்தாறு. அழித்தால் அது உண்மையாகிவிடுமா? பொய் போகும், அவ்வளவுதான். பொய் போன இடத்தில் உண்மை தானாக வந்து உட்காராது; அதை யாராவது கையைப் பிடித்து அழைத்து வர வேண்டும். முப்பதாவது பிரதியில் கோடு இழுத்துக்கொண்டிருந்தபோது, காலடி ஓசை இல்லாமலே, ரப்பர் செருப்பில் வந்து, அவள் மேசைக்கு முன்னால் நின்றாள்.

"என்னடா, கடையை விரிச்சிட்டுப் பரீட்சை எழுதிக்கிட்டிருக்க?" பேச்சியம்மாள் பையைக் கீழே வைத்தாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். அவன் எழுந்தான். எழுந்ததில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. ரெஜினா அதை எடுத்து நிறுத்தி, "அக்காவா? உக்காருங்கக்கா" என்றாள். "உக்காந்துதான் வந்தேன்" என்ற பேச்சியம்மாள் அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்தாள். இருபது ஆண்டுகளுக்கு மேல் தாள் மடித்த விரல். முதுகைத் தடவிப் பார்த்தாள். "மடிப்பு கோணல். எங்க முதலாளி பார்த்தா மூஞ்சியில எறிவாரு." பிறகு புரட்டினாள். ஒன்று. இரண்டும் மூன்றும். அவன் அவளுடைய முகத்தைப் பார்க்காமல் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான்கு, ஐந்து. ஆறாம் பக்கத்தில் கட்டைவிரல் நின்றது. காய்ந்தும் காயாத வெள்ளை அவள் விரலில் ஒட்டியது. அதை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"இங்க என்னத்தடா அழிச்சிருக்க?"

"பூட்டு."

"பூட்டா? அங்க ஏதுடா பூட்டு?"

"இல்லக்கா. நானா போட்டேன்."  கூடத்தின் மின்விசிறிகள் எல்லாம் அவனுடைய காதுக்குள் சுழன்றன. இப்போது சொல்லாவிட்டால் இனி ஒருபோதும் சொல்ல வாய்க்காது என்று தெரிந்தது. தாழ்ப்பாளில் கை இருந்தது, அது சுட்டது. "நான் உள்ளதான் இருந்தேன்க்கா. நீ கூப்புட்டது கேட்டுச்சு. அப்பா தொறக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போனாரு. அவரு சொன்னாருன்னாலும் நான் தொறந்திருக்கலாம்."

அவள் விரலில் இருந்த வெள்ளையை மேசை விளிம்பில் தேய்த்துக்கொண்டிருந்தாள், நெடுநேரம், அது போன பின்னும். "வெயிலுடா அன்னைக்கு" என்றாள் கடைசியில். "நீ தொறக்கலைங்கிறதைக்கூட நான் பெருசா நெனைக்கல. பதினஞ்சு வயசுப் பய, அந்த மனுசன் சொன்னா என்ன செய்வ. ஆனா அந்தக் கதவுக்கடியில ஒரு கிண்ணத்துல தண்ணியைத் தள்ளிவிட்டிருக்கலாம். பஸ்ஸுல போறவரைக்கும் அதைத்தான் நெனைச்சுக்கிட்டே போனேன்."

பானை நிறையத் தண்ணீர் இருந்தது. அம்மா நிரப்பி வைத்துவிட்டுப் போனாள், எதற்காக நிரப்பினாள் என்று அவன் இத்தனை ஆண்டுகளில் ஒருமுறையும் கேட்டுக்கொள்ளவில்லை. அவன் தலை குனிந்தபடி நின்றான். மன்னிப்பு என்ற சொல் வாய்க்குள் இருந்தது. அதை எடுத்து நீட்டினால் அவள் வாங்கிக்கொண்டே ஆக வேண்டியிருக்கும், அதுவும் ஒருவகையில் அவளைக் கட்டாயப்படுத்துவதுதான் என்று தோன்றியதால் அதை அங்கேயே விட்டுவிட்டான். பேச்சியம்மாள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அந்தப் பக்கத்தைத் திரும்பப் பார்த்தாள்.

"பூட்டை எடுத்துட்ட. சரி. வெறுங்கதவா நிக்குதே, பாக்குறவனுக்கு என்ன தெரியும்?"

கொம்பையா கறுப்புப் பேனாவை எடுத்தான். புத்தகத்தை அவள் கையிலிருந்து வாங்காமல், அவள் பிடித்திருந்த வாக்கிலேயே குனிந்து, கதவின் அடிப்பலகையில் நான்கு விரல் உயரத்துக்கு ஓர் இடைவெளியை வரைந்தான். அந்த இடைவெளிக்குள் இரண்டு சிறிய பாதங்களை வரைந்தான். பூட்டுக்குக் கொடுத்த நிழலும் பளபளப்பும் எதுவும் கொடுக்கவில்லை. சில கோடுகள், அவ்வளவுதான். பத்து விரல்கள் வந்தன. பேனாவைத் தூக்கினான்.

பேச்சியம்மாள் குனிந்து பார்த்தாள். "வலது கால் கட்டைவிரல்ல துணி சுத்தியிருந்த" என்றாள். "என் பச்சைத் தாவணித் துணி. அதையும் போடு."

அவன் கட்டைவிரலைச் சுற்றித் துணியை வரைந்தான். துணியின் முடிச்சு சரியாக வரவில்லை. அவள் அடுக்கிலிருந்து அடுத்த புத்தகத்தை எடுத்து, ஒரே அசைவில் ஆறாம் பக்கத்தைத் திறந்து, அவனுக்கு முன்னால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.